சேலம் பேர்லேண்ட்ஸில் தனி வீடு: நிழலுக்கு என்ன விலை?

சேலத்தில் வரன் பேசும்போது "மாப்பிள்ளைக்கு பேர்லேண்ட்ஸ்ல சொந்த வீடு இருக்குங்க" என்று தரகர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் சொத்து விவரம் கேட்பவர்கள் குறைவு. ஏரியா பெயரே பேங்க் பேலன்ஸ் மாதிரி. பேர்லேண்ட்ஸ், அதை ஒட்டிய அழகாபுரம், சுவர்ணபுரி, கொஞ்சம் தள்ளி மரவனேரி, அஸ்தம்பட்டி. காம்பவுண்டு, கேட், கேட்டுக்கு வெளியே ஒரு மரம், உள்ளே போர்ட்டிகோ, மாடியில் தண்ணீர் டேங்க். சேலத்து நடுத்தரக் குடும்பம் "செட்டில் ஆயாச்சு" என்று சொல்லும்போது மனதில் இருக்கும் படம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குவது இந்தப் படத்தைத்தான். அதனால் கொடுக்கும் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது தப்பில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது.

சேலத்தின் பழைய பகுதிகளான குகை, செவ்வாப்பேட்டை, அம்மாபேட்டை எல்லாம் நெசவும் வியாபாரமும் வளர்த்த இடங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த நெருக்கத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு, ஆனால் மரத்துக்கு இடம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று நகரைச் சுற்றிக் குன்றுகள். சிமென்ட்டும் தாருமாக இருக்கும் தெரு பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

தனி வீட்டுத் தெருவில் கதை வேறு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் தரை, வாசலில் ஒரு புங்கனோ வேம்போ, எதிர்வீட்டிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டு மரமும் மேலே கை கோத்துவிட்டால் அந்தத் தெருவில் மத்தியானம் ரெண்டு மணிக்கும் நடக்கலாம். வெயில் தரையில் படுவதே இல்லை. இலைகள் விடும் ஈரம் காற்றைக் குளிர்விக்கிறது. மழை பெய்தால் கொஞ்சமாவது மண்ணுக்குள் இறங்குகிறது. சின்னப் பிள்ளைகள் சைக்கிள் பழகுவது, பாட்டி வாசலில் சேர் போட்டு உட்காருவது எல்லாம் இந்த நிழல் இருக்கும் வரைதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த மரம் வீட்டுக்காரருடையது இல்லை. கேட்டுக்கு வெளியே, சாலை ஓரத்தில், பொது இடத்தில் நிற்கிறது. தனி வீட்டின் பெரிய சுகமே, பத்திரத்தில் எழுதப்படாத ஒரு பொதுச் சொத்திலிருந்து வருகிறது. தெருவில் எல்லோரும் தனி வீட்டில் இருக்கும் வரை, எல்லோரும் வாசல் மரத்தை விட்டு வைக்கும் வரை, அந்த சுகம் எல்லோருக்கும் உண்டு. யாரும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்.

குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் குடும்பம் எத்தனை வருஷம்?

இப்போது கசப்பான கணக்கு. ஒரு தம்பதி 38, 40 வயதில் வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்த பிள்ளைக்கு எட்டு வயது. "பசங்க ஓடியாட இடம் வேணும்ல" என்பதுதான் அப்பா சொல்லும் முதல் காரணம். சரி. ஆனால் இது சேலம், நாமக்கல் பக்கம். பிள்ளை பத்தாம் வகுப்பை நெருங்கியதும் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஹாஸ்டல் பள்ளி தேடும் பழக்கம் இங்கே ஊறிப்போனது. மற்ற மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பள்ளிகள் பக்கத்திலேயே இருக்கும்போது நம்ம பிள்ளை மட்டும் எப்படி வீட்டிலிருந்து படிப்பான்? அங்கே முடிந்ததும் கோவை அல்லது சென்னையில் காலேஜ். பிறகு வேலை பெங்களூரில், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி. அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் தூரம்.

கூட்டிக் கழித்தால், முழுக் குடும்பமும் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தது ஏழெட்டு வருஷம். ஹோம் லோன் 20 வருஷம்.

மிச்ச காலம் அது இரண்டு பேர் வீடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் மாடி ரூம் திறக்கப்படும். மற்ற நாட்களில் ஏசியின் மேல் தூசி. காவிரித் தண்ணீர் வரும் நாளில் சம்ப் நிரம்பியதா என்று பார்க்கணும், மோட்டார் போடணும், மாடி டேங்க் கழுவ ஆள் தேடணும். உதிர்ந்த இலையைத் தினமும் கூட்டணும். (நிழல் பிடிக்கும், சருகு பிடிக்காது என்பது மரம் வெட்டச் சொல்லும் மனுக்களின் நிரந்தரக் காரணம்.) 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, சேலம் போன்ற மாநகராட்சிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 100 சதவீத உயர்வு அறிவிக்கப்பட்டது. பென்ஷனில் வாழும் இரண்டு பேருக்கு வீட்டின் அளவே ஒரு செலவுத் தலைப்பாகிவிடுகிறது.

வயதான காலத்தில் இன்னொன்றும் உறைக்கும். ஸ்கூட்டர் ஓட்ட முடிகிற வரை இந்த ஏரியா சொர்க்கம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சாவியைப் பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொண்டால், மெயின் ரோட்டு மருந்துக் கடை திடீரென்று தூரமாகிவிடும். அமைதியான தெரு என்று பெருமைப்பட்ட அதே தெருவில், சாயங்காலம் ஆறரைக்கு மேல் தனியாக நடக்க அம்மாவுக்குப் பயம். கழுத்தில் செயின் இருக்கிறதே. செவ்வாப்பேட்டைச் சந்தில் இருக்கும் அக்காவுக்கு இந்த இரண்டு கஷ்டமும் இவ்வளவு இல்லை. கடை வாசலிலேயே, ஆள் நடமாட்டம் ராத்திரி பத்து மணி வரைக்கும்.

அப்படியென்றால் பேர்லேண்ட்ஸ் வீடு வேஸ்ட்டா? இல்லை. ஆனால் அது எல்லா வயதுக்கும் பொருந்தும் வீடு என்பது மட்டும் உண்மையில்லை. பத்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

வீடு எப்போது கிளினிக் ஆனது?

பேர்லேண்ட்ஸுக்குள் ஒரு சுற்று வந்தால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றம் தெரியும். 1961-ல் தொடங்கிய ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி இருக்கும் சாலை இன்று கடைகளின் சாலை. உள் தெருக்களிலும் வீடாக இருந்தது ஸ்கேன் சென்டராகிறது, போர்ட்டிகோ கோச்சிங் கிளாஸ் ரிசப்ஷன் ஆகிறது. பார்க்கிங்குக்காக முன்பக்க மண் தரைக்கு டைல்ஸ். போர்டு மறைக்கிறது என்று வாசல் மரத்தின் கிளை போகும். அப்புறம் மரமே போகும்.

இதற்கு யாரைக் குறை சொல்வது? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ன்படி, உயரமில்லாத சாதாரணக் கட்டிடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. சுலபமாகச் சொன்னால், 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். பழைய வீடு 1,500 சதுர அடிதான் என்றால் மீதி 3,300 சதுர அடி காற்றில் தொங்கும் பணம். பில்டருக்கு அது தெரியும். பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் தெரியும். "அப்பா, ஜாயின்ட் வென்ச்சர் கொடுத்தா ஆளுக்கொரு ஃபிளாட் வரும்" என்று போனில் ஆரம்பிக்கும் பேச்சு பல வீடுகளில் அண்ணன் தம்பி மனஸ்தாபத்தில் போய் நிற்கிறது.

2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டமும் இதில் ஒரு கண்ணி. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி. அலைச்சலும் லஞ்சமும் குறைந்தால் நல்லதுதான். ஆனால் முன்கூட்டி யாரும் இடத்தை வந்து பார்க்க வேண்டியதில்லை என்றால், வாசலில் நிற்கும் 30 வருஷ வேம்பையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

சென்னைவாசிகளுக்கு இந்தப் படம் பழசு. இன்றைக்கு துணிக்கடைக் கூட்டத்துக்குப் பெயர் பெற்ற தி.நகர், 1920-களில் ஏரிப் பகுதியில் குடியிருப்பாகத் திட்டமிடப்பட்டதுதான். நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றித் தனி வீடுகள். பூங்கா இன்னும் இருக்கிறது. வீடுகள்?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு: "ஃபிளாட்டே கூடாது, தனி வீடு மட்டும்தான்" என்று தடை போட்டுவிட்டால் பசுமை பிழைக்கும் என்று. அமெரிக்க நகரங்கள் பல்லாண்டுகள் அப்படித்தான் செய்தன. விளைவு, வசதியுள்ளவர்கள் மட்டும் வாழும் ஏரியாக்கள். மினியாபொலிஸ் நகரம் 2018-ல் அந்த விதியைக் கைவிட்டு, ஒரு மனையில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதிக்க முடிவு செய்தது. சேலத்தில் அப்படி எழுதி வைத்த விதி தேவையே இல்லை, மனை விலையே அந்த வேலையைச் செய்கிறது. இந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்கும், சமைக்கும் பெண்கள் பலர் தூரத்திலிருந்து காலையில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம். அவர்கள் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் வாசல்களில் ஒன்றில் வாடகைக்குக்கூட அவர்களால் குடியேற முடியாது.

ஆகவே இரண்டு மாடி, மூன்று மாடி வரட்டும். கீழே பெற்றோர், மேலே வாடகைக்கு ஒரு இளம் குடும்பம் என்றால் தெருவுக்கும் நல்லது, அம்மாவின் சாயங்கால நடைக்கும் நல்லது. காக்க வேண்டியது வீட்டின் உயரத்தை அல்ல. காம்பவுண்டுக்குள் விட்ட மண் தரையையும், காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் மரத்தையும்தான். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது நெடுஞ்சாலை அகலப்படுத்தும்போது மட்டும் ஞாபகத்துக்கு வந்தால் போதாது. மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது ஊர் முழுக்கத் தொட்டி வந்தது, ஏனென்றால் கேட்க ஆள் இருந்தது.

சேலத்துக்காரர்கள் இதைச் செய்யத் தெரியாதவர்களும் அல்ல. கன்னங்குறிச்சியில் மூக்கனேரியை 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு தூர்வாரி, ஏரிக்குள் மண் திட்டுகள் போட்டு மரம் வளர்த்தது. இன்று அங்கே பறவைகள் வருகின்றன.

புது மனை வாங்கப் போகிறவர்களுக்கு

ஓமலூர் ரோட்டிலும் ஆத்தூர் ரோட்டிலும், 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட நாமக்கல்லைச் சுற்றியும் லேஅவுட் லேஅவுட்டாகப் போடுகிறார்கள். 'கார்டன்', 'கிரீன்' என்று பெயர் வைத்த ஆர்ச், உள்ளே ஒரு செடிகூட இல்லாத தார் ரோடு. பேர்லேண்ட்ஸ் வாழ்க்கையைப் பாதி விலைக்கு விற்பதாக விளம்பரம். பேர்லேண்ட்ஸை பேர்லேண்ட்ஸ் ஆக்கிய எதுவும் அங்கே இன்னும் முளைக்கவில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா என்று போட்ட இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே கம்பி வேலிக்குள் யாராவது சோளம் விதைத்திருக்கிறார்களா, இல்லை ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். போகிற நேரம் மத்தியானம் ரெண்டு மணியாக இருக்கட்டும். சைட் காட்டுபவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் கூப்பிடுவார்கள்.