காசு கேபிளுக்கா, கேசட்டுக்கா?

எங்கள் வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரை, பிரஷர், பென்ஷன் என்று மூன்று விஷயம்தான் பேச்சு. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இந்த ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் தம்புரா இனிமையாகக் கேட்கும், அந்த கேபிள் போட்டால் சாரீரம் துலங்கும் என்கிறார்கள். திருவொற்றியூர் நண்பர் ஒருவர் ஒரு மாதப் பென்ஷனை ஒரு யுஎஸ்பி கேபிளுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். வேண்டாம் என்பது என் கட்சி.

கம்ப்யூட்டரில் இருப்பது பாட்டு அல்ல, எண்கள். 1982-ல் கடைக்கு வந்த சிடியில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணக்கு. எழுபது தாண்டிய நம் காதுக்கு அந்த உச்சத்தில் பாதி எட்டினாலே பாக்கியம்.

ஆபீசில் உண்மை நகல் எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின், அது இரும்பு பீரோவில் இருந்தாலும் சாக்கு மூட்டையில் இருந்தாலும் எழுத்து மாறாது. எண்களும் அப்படித்தான். கேபிள் கெட்டிருந்தால் பாட்டு அறுபடும், 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சாரீரம் மட்டும் கொஞ்சம் மங்கி ஒலிக்காது.

அதற்காகக் கருவியால் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. எண் மறுபடி மின்சாரமாக மாறும் இடத்தில்தான் வித்தியாசம் பிறக்கிறது. சில கம்ப்யூட்டர்களில் இயர்போன் துளை வழியாக உள்ளே நடக்கும் வேலையின் இரைச்சலும் கசியும். லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் 'ஹம்' என்று கேட்டால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் எர்த்தில். புளூடூத் பாட்டை இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. எம்பி3 முதலிலேயே சிலதைக் கழித்துவிட்டது. கழித்ததை எந்தக் கருவியும் திருப்பித் தராது. இதற்கெல்லாம் மேலே ஸ்பீக்கரும் அறையும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போது, தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் சுற்றும்போது, கேபிளின் நுணுக்கம் யார் காதில் விழும்?

சந்தேகம் இருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். நீங்கள் பார்க்காதபடி கேபிளைச் சில தடவை மாற்றியும் சில தடவை மாற்றாமலும் பத்து முறை போடச் சொல்லுங்கள். சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும், கொஞ்சம் கூடினாலே நல்லதாகத் தோன்றும். பத்தில் ஐந்து சரியென்றால் அது பூவா தலையா.

பழைய பாட்டின் விதி பெரும்பாலும் பதிவு மாற்றும்போதே தீர்ந்துவிடுகிறது. ஆரம்பகால இசைத்தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். எவ்வளவு விலையுள்ள கம்ப்யூட்டரில் போட்டாலும் ஏறியது ஏறியதுதான்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான். தியாகராஜர் வந்து பஞ்சரத்தினம் பாடிய ஊர் உங்கள் ஊர். உங்கள் வீட்டுப் பரணில், காலமான உங்கள் சம்சாரம் அந்தத் திரிபுரசுந்தரி சந்நிதியில் பாடிய கேசட் இருக்கிறது. இந்த உப்புக்காற்றிலும் ஈரத்திலும் நாடாவில் பூஞ்சை பிடிக்க நாளாகாது. அந்த ஒரு மாதப் பென்ஷனில் கேசட்டைச் சுத்தம் செய்து, நல்ல டெக்கில் சரியான வேகத்தில் ஓட்டி, சுருக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மகள் வீட்டில் வையுங்கள். கேபிள் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும்.