பத்தியம் யாருக்கு?

பெரியவளானதும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டிய பாட்டிமார்தாம், சில மாதம் கழிந்ததும் முட்டையும் பப்பாளியும் சூடு என்று தடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற அக்காவுக்கோ பழம் குளிர்ச்சியாம்! மதுரையிலோ மேலூரிலோ இதைக் கேளாத பெண் உண்டா?

பத்தியமே பொய் என்று நாங்கள் கூறவில்லை. சீலியாக் நோயுள்ளவர் கோதுமையை அறவே விலக்கினால்தான் குடல் தேறும். ஆனால் மருத்துவர் அதைப் பரிசோதனை செய்தல்லவா முடிவு செய்கிறார்? வீட்டுப் பத்தியத்துக்கு எந்தச் சோதனை நடந்தது?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. உண்பதையும் குறைக்கலாமா? பள்ளிச் சத்துணவில் 1989 முதல் முட்டை வழங்குகிறார்கள். அதே முட்டை வீட்டில் சூடாவது எப்படி? தம்பிக்கு மட்டும் ஏன் எதுவுமே சூடாவதில்லை?