நாட்டு நடப்பு: இரண்டு அரசுகளும் ஒரு பணப்பையும்



சென்ற திங்கள் நம் சங்கத்தின் படிப்பறையில் நிகழ்ந்த ஓர் உரையாடலை முதற்கண் தங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், லேக் மார்க்கெட் அருகில் வாழும் தம் பாட்டனாரைக் காண விடுமுறையில் வந்திருந்தார். பாட்டனார் டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனி ஒன்றில் பல்லாண்டு கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். "ஏனப்பா, உங்கள் நாட்டில் வரவு செலவு மசோதா நிறைவேறாவிட்டால் அரசாங்க அலுவலகங்களையே பூட்டி விடுகிறார்களாமே! அத்துணைப் பெரிய நாட்டில் இதென்ன கூத்து?" என்று பெரியவர் வினவினார். "தாத்தா, அங்கே ஜனாதிபதி ஒரு கட்சி; சட்டம் செய்யும் சபை வேறு கட்சி. இருவரும் பிடிவாதம் பிடித்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் ஒன்று: இரண்டு கட்சிக்கும் பணம் கொடுப்பவர்கள் பல சமயம் ஒரே ஆட்கள்தாம்" என்றார் பேரன். பெரியவர் நகைத்து, "அப்படியானால் நீ எங்கள் கல்கத்தாவுக்குப் புதியவன் அல்லன்" என்றார்.

அந்த விடையின் பொருளை விரித்துரைப்பதே இத்திங்கள் நம் நோக்கம்.

அமெரிக்க அரசியல் அமைப்பு 1787இல் வகுக்கப்பட்டது. ஒருவர் கையில் முழு அதிகாரமும் சேர்ந்துவிடலாகாது என்னும் அச்சமே அதற்கு அடிப்படை. ஆகவே ஜனாதிபதியை நான்காண்டுக்கு ஒரு முறையும், பிரதிநிதிகள் சபையை ஈராண்டுக்கு ஒரு முறையும், செனட் சபையில் மூன்றில் ஒரு பங்கினரை ஈராண்டுக்கு ஒரு முறையும் மக்கள் தனித்தனியே தேர்ந்தெடுக்கின்றனர். மாளிகை ஒரு கட்சியிடமும் மன்றம் மற்றொரு கட்சியிடமும் அமைவது இதனால் அடிக்கடி நேர்கிறது. கிளிண்டன் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், எதிர்க்கட்சியினர் இரு சபைகளிலும் பெரும்பான்மை பெற்றனர். அப்பிணக்கின் விளைவாக 1995 டிசம்பரில் தொடங்கிய அலுவலக அடைப்பு 21 நாள் நீடித்தது. ஆயின் பிளவு ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறிவிடவும் இயலாது. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த அடைப்பு, மாளிகையும் இரு சபைகளும் ஒரே கட்சியின் வசமிருந்தபோதே தொடங்கிற்று.

வணிகப் பெருமக்களின் நிலையோ வேறு. அங்குக் கம்பெனிகள் வேட்பாளர்க்கு நேரே பணம் தருதல் 1907 முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. எனினும் கம்பெனி அலுவலர்களிடம் திரட்டிய பணத்தைக் குழு அமைத்து இரு கட்சியினர்க்கும் வழங்கும் வழக்கம் உண்டு. 2010இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வேட்பாளரைச் சாராமல் தனித்து நின்று தேர்தல் பிரசாரத்திற்குச் செலவிடும் கம்பெனிகட்கு வரம்பில்லை என்று தீர்ப்பளித்தது. எவர் வென்றாலும் தம் குரல் கேட்கப்படவேண்டும் என்று கருதும் வணிகர் இரு கதவுகளிலும் தட்டி வைக்கின்றனர்.

நிற்க. நம் நாட்டின் அமைப்பு வேறு. இங்கு மக்களவையில் பெரும்பான்மை பெற்றோரே அமைச்சரவை அமைப்பர். ஆதலின் டெல்லியில் மாளிகை வேறு மன்றம் வேறு என்னும் பிளவு அரிது. நம்முடைய பிளவு டெல்லிக்கும் மாநிலத் தலைநகருக்கும் இடையே நிகழ்வது. அப்பிளவை நன்கு அறிந்த நகரம் கொல்கத்தா போல் பிறிதொன்று இல்லை எனலாம்.

1967ஆம் ஆண்டில் நாம் பிறந்த மண்ணிலும் பிழைக்க வந்த மண்ணிலும் ஒருசேரக் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. சென்னையில் தி.மு.கழகம் அரியணை ஏறிற்று. இங்கு ஐக்கிய முன்னணி ஆட்சி அமைத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஆளுநர் தர்மவீரர் இங்கிருந்த அமைச்சரவையை நீக்கினார். 1968 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1969இல் மக்கள் மீண்டும் ஐக்கிய முன்னணியையே தேர்ந்தெடுத்தனர். 1970 மார்ச்சில் அதுவும் கவிழ்ந்தது. அக்காலத்துக் 'கெராவ்' என்னும் சொல்லை நம் மூத்த அன்பர்கள் மறந்திரார்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று. தலைவர் ஆங்கிலேயர் காலத்துக் கம்பெனி ஒன்றில் சுருக்கெழுத்தாளர். அக்கம்பெனி தன் தலைமை அலுவலகத்தைப் பம்பாய்க்கு மாற்றிக் கொண்டது. அவரும் உடன் சென்றார். மனைவியும் மக்களும் பள்ளிப் படிப்பின் பொருட்டு இங்கேயே தங்கினர். நான்காண்டுக் காலம் மாதந்தோறும் மணியார்டர் வந்தது, மனிதர் வரவில்லை. டெல்லிக்கும் ரைட்டர்ஸ் கட்டிடத்துக்கும் இடையே மூண்ட பூசலுக்கு அக்குடும்பம் செலுத்திய வரி அது. இத்தகைய குடும்பங்கள் நம்மிடையே ஒன்றிரண்டல்ல.

1977இல் இடதுசாரி முன்னணி வந்து 2011 வரை ஆண்டது. அக்காலத்தில் பெருந்தொழில் தொடங்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி டெல்லியின் உரிமம் வேண்டும். ஹால்தியா பெட்ரோகெமிக்கல் ஆலைக்குப் பல்லாண்டு இசைவு தாராது டெல்லி இழுத்தடித்தது என்பது இம்மாநில அரசு இடைவிடாது கூறிய குறை. பிரதமர் ராஜீவ் காந்தி 1989இல் அடிக்கல் நாட்டினார். ஆலை இயங்கத் தொடங்கியபோது 2000ஆம் ஆண்டு பிறந்துவிட்டது.

இதனால், "இரண்டிடத்திலும் ஒரே கட்சி ஆண்டால் எல்லாம் நலமாகும்" என்று சிலர் கூறுவர். தேர்தல்தோறும் நம் செவியில் விழும் வாதம் இதுவே. வரலாறு இதனை ஒப்பவில்லை. டாக்டர் பிதான் சந்திர ராய் 1948 முதல் 1962 வரை இங்கு முதலமைச்சர். டெல்லியிலும் அவர் கட்சியே ஆண்டது. அவ்வொற்றுமைக் காலத்தில்தான், 1956இல், இரும்புக்கும் சிமெண்டுக்கும் இரயில் கட்டணத்தைச் சமன்செய்து, நாடெங்கும் ஒரே விலை என்னும் ஏற்பாடு வந்தது. பர்ன்பூரும் ஜாம்ஷெட்பூரும் அருகில் இருந்தும், ஹௌராப் பட்டறைக்காரர் இரும்புக்குக் கொடுத்த விலையும் தொலைவிலுள்ள சென்னைப் பட்டறைக்காரர் கொடுத்த விலையும் ஒன்றாயின. 1990களின் தொடக்கத்தில்தான் இது நீங்கிற்று. நம் தமிழ்நாட்டுத் தொழில்கள் இதனால் பயனடைந்தன என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் வங்கத்தின் உப்பை உண்டு வாழும் நாம், அவ்விலையை யார் கொடுத்தார் என்பதையும் மறத்தலாகாது. ஒரே கட்சியின் ஆட்சி வங்கத்தை அன்று காக்கவில்லை.

அங்ஙனமாயின் உண்மையான கேடு யாது? பிளவன்று, பிளவின் இருபுறமும் சென்று சேரும் பணம், மக்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே கேடு.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் நம் நகரத்து நீதிபதிகளும் உண்டு. 1957இல் பர்ன்பூர் ஆலையை நடத்திய இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீல் கம்பெனி, அரசியல் கட்சிகட்குப் பணம் வழங்கும் உரிமையைத் தன் அமைப்பு ஆவணத்தில் சேர்க்க விரும்பிக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை அணுகிற்று. நீதிபதி பி.பி. முகர்ஜி, இவ்வழக்கம் வணிகத்தின் தரத்தையும் ஆட்சியின் தரத்தையும் ஒருங்கே கெடுக்கவல்லது என்று கடுமையாக எச்சரித்தார். டாட்டா இரும்புக் கம்பெனியின் இதே போன்ற விண்ணப்பத்தின் மீது பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளாவும் அவ்வாண்டே தம் கவலையைத் தெரிவித்தார்.

1969இல் கம்பெனிகள் கட்சிகட்குப் பணம் தருதல் அறவே தடை செய்யப்பட்டது. கணக்கில் எழுதிய நன்கொடை நின்றது. கணக்கில் எழுதாத நன்கொடை பெருகிற்று. 1985இல் தடை நீங்கி, சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 5 என்னும் வரம்பு வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏழரை ஆக்கிற்று. 2017இல் அவ்வரம்பும் நீக்கப்பட்டது. 2018 சனவரியில் தேர்தல் பத்திரம் வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால், கொடுத்தவர் பெயரை மக்கள் அறிய வழியில்லை.

2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். வரம்பற்ற நன்கொடையும் அத்துடன் வீழ்ந்தது. அடுத்த திங்களில் பெயர்கள் வெளியாயின. 2019 ஏப்ரல் முதல் பணமாக்கப்பட்ட பத்திரங்களில் பாரதிய ஜனதா கட்சி ஏறத்தாழ 6,060 கோடி ரூபாய் பெற்று முதலிடத்தில் நின்றது. இரண்டாமிடம் 1,600 கோடிக்கு மேல் பெற்ற திரிணாமுல் காங்கிரஸுக்கு, மூன்றாமிடம் காங்கிரஸுக்கு. பத்திரங்களை வாங்க மறுத்து வழக்குத் தொடுத்தோருள் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று என்பதைச் சொல்லாது விடுதல் முறையாகாது.

பத்திரம் வாங்கியோருள் முதலிடம் பெற்றது நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த பியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய். அதில் 540 கோடிக்கு மேல் இங்கு ஆண்ட திரிணாமுல் காங்கிரஸுக்கும், 500 கோடிக்கு மேல் தி.மு.கழகத்துக்கும், 100 கோடி டெல்லியில் ஆண்ட பாரதிய ஜனதாவுக்கும் சென்றது. 377 கோடிக்குப் பத்திரம் வாங்கிய கொல்கத்தாவின் ஹால்தியா எனர்ஜி நிறுவனமும் திரிணாமுலுக்கும் பாரதிய ஜனதாவுக்கும் பகிர்ந்தே அளித்தது. கொடுத்ததனால் மட்டும் குற்றம் நிறுவப்பட்டதாகாது. அதனை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும் மேடையில் ஒருவரையொருவர் சாடிய கட்சிகளின் கணக்கேட்டில் ஒரே பெயர் இருந்ததை அறியும் உரிமை, வாக்களித்தவனுக்கு இல்லையா?

அதே ஆண்டுகளில் நிகழ்ந்த மற்றொன்றையும் ஈண்டு எடுத்து நோக்குக. முறைகேடு நிகழ்ந்தது என்று கூறி, நூறு நாள் வேலைத் திட்டப் பணத்தை 2022 மார்ச் முதல் டெல்லி இம்மாநிலத்துக்கு நிறுத்தியது. இது பழிவாங்கல் என்றது மாநில அரசு. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், திட்டத்தை மீண்டும் தொடங்குமாறு கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. முறைகேடு செய்தவர் எவரோ. கூலி இழந்தவர் மண் வெட்டியவர். இரண்டு அரசுகளின் பிணக்கு கூலியாளின் பணத்தைத் தடுத்தது. செல்வரின் பணம் இருவரிடமும் தடையின்றிச் சென்றது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் கூறியது பொய்யன்று.

எனவே டெல்லியும் மாநிலமும் வேறுபட்ட கட்சிகளின் கையில் இருப்பதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஒருவரை மற்றொருவர் கேள்வி கேட்கும் அப்பிளவு மக்களுக்குக் காவலாகவும் அமையலாம். காவல் நிற்கும் இருவரும் ஒரே இடத்தில் கடன்பட்டிருந்தால்தான் வீடு கொள்ளை போகும்.

நம்மால் ஆவது என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நம் குடும்பங்களில் ஓய்வூதியத்தோடு சில கம்பெனிப் பங்குகளும் வைத்திருப்போர் பலர். ஆண்டறிக்கை வந்ததும் பங்காதாயம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து அதனைப் பழைய காகிதக்காரரிடம் போட்டு விடுகிறோம். இனி மற்றொரு வரியையும் தேடுவோமாக. அரசியல் கட்சிகட்குக் கொடுத்த தொகையைக் கம்பெனி தன் கணக்கில் காட்டவேண்டும் என்பது சட்டம். அப்பணம் நம்முடைய பணம். எந்தக் கட்சிக்கு, எதற்காக என்று பங்குதாரர் கூட்டத்தில் மரியாதையுடன் ஓர் அஞ்சலட்டையிலேனும் கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

இக்கட்டுரையின் படியை மேற்சொன்ன பெரியவரிடம் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை அணிந்து கொண்டு, அலமாரியிலிருந்து மூன்றாண்டு ஆண்டறிக்கைகளை எடுத்து மேசைமீது வைத்தார். கணக்கர் அல்லரோ! அவர் கண்டறிந்ததை அவர் இசைந்தால் அடுத்த திங்கள் வெளியிடுவோம்.