சில்வியா பிடுங்கிய மைக்

1973 ஜூன், நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. ஸ்டோன்வால் விடுதியில் போலீசுக்கு எதிராக வெடித்த கலகத்தின் நான்காம் ஆண்டுப் பேரணி முடிந்து கூட்டம் மேடை முன் திரண்டிருக்கிறது. இன்னும் இருபத்திரண்டு நிறையாத ஒரு திருநங்கை மேடையேறப் பார்க்கிறார். விட மறுக்கிறார்கள். தள்ளுமுள்ளுக்குப் பின் ஏறி மைக்கைப் பிடித்ததும் கீழிருந்து ஒரே கூச்சல். கத்தியது போலீசும் பாதிரிமாரும் என்றால் வியக்க ஒன்றுமில்லை. தன்பாலீர்ப்பாளர் விடுதலைக்கென்று ஊர்வலம் வந்த அவருடைய சொந்தக் கூட்டம்தான் கத்தியது.

அவர் சில்வியா ரிவேரா. சிறையில் கிடக்கும் நம்மவர்கள் வாரந்தோறும் எனக்குக் கடிதம் போட்டு உங்கள் உதவியைக் கேட்கிறார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். உங்கள் விடுதலைக்காக மூக்குடைபட்டேன், வேலை போயிற்று, வீடு போயிற்று என்றார். கடைசியில் தொண்டை கம்ம, தன்பாலீர்ப்பாளர் விடுதலைக் கோஷத்தை எழுத்தெழுத்தாக எழுப்பினார். தன்னைக் கத்தி விரட்டியவர்களின் கோஷம் அது.

அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதற்கு அந்த வாழ்க்கையே பதில். 1951இல் பிறந்தவர். மூன்று வயதில் தாய் இல்லை. பாட்டி வளர்த்தார், முகத்தில் பூச்சு பூசியதற்காக அடித்தார். பதினொரு வயதுக்குள் வீட்டை விட்டு வெளியேறி 42ஆம் தெருவில் பாலியல் தொழில். 1970இல் அதே தெருவில், தன்பாலீர்ப்பாளருக்கான நகர உரிமைச் சட்டம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். அந்தச் சட்டம் 1986இல் வந்தது. அதில் திருநருக்கு இடமில்லை.

ஸ்டோன்வாலில் முதல் இரவே சில்வியா இருந்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். நமக்கு முக்கியமாகப் படுவது 1970இல் தோழி மார்ஷா பி. ஜான்சனோடு அவர் தொடங்கிய 'ஸ்டார்' அமைப்பு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளை முதலில் ஒரு லாரியின் பின்பெட்டியில் தங்கவைத்தார்கள். பிறகு கிழக்கு இரண்டாம் தெருவில் ஓர் ஓட்டைக் கட்டடம். பிள்ளைகள் தெருவுக்குப் போய் உடலை விற்கக் கூடாது என்பதற்காக இவர்கள் இருவரும் தெருவில் நின்று வாடகை கட்டினார்கள். 'தாய்' சில்வியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாடகை பாக்கியில் அந்த வீடும் நிலைக்கவில்லை.

1973க்குப் பிறகு மனமொடிந்து நகரத்தை விட்டே போனார். 1992இல் மார்ஷாவின் உடல் ஹட்சன் ஆற்றில் மிதந்தது. திரும்பி வந்த சில்வியா சில காலம் அந்த ஆற்றங்கரைத் துறையில், வீடற்றவர்களோடு வீடற்றவராகக் கிடந்தார். இயக்கம் இதற்குள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டிருந்தது. சட்டமன்றத்தில் காரியம் ஆக வேண்டும், முதலில் நாங்கள் ஏறிக்கொள்கிறோம், உங்களுக்கு அப்புறம் கை கொடுக்கிறோம் என்பது அதன் கணக்கு. 'அப்புறம்' என்ற சொல்லை நம்பிக் காத்திருந்த எந்த மக்களும் இந்தக் கணக்கை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஈரல் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்தபோதும், பார்க்க வந்த இயக்கத் தலைவர்களிடம் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வரவிருந்த மாநிலச் சட்டத்தில் திருநரையும் சேர்க்கச் சொல்லி வாதாடினார். 2002 பிப்ரவரி 19 அன்று, ஐம்பது வயதில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டம் நிறைவேறியது, திருநர் இல்லாமல். அவர்களுக்கான சட்டம் நியூயார்க் மாநிலத்தில் வர 2019 ஆயிற்று.

இதற்கிடையே அவர் பெயரில் ஒரு தெருமுனை வந்தது, திருநருக்கு இலவசமாக வழக்காடும் ஓர் அமைப்பு வந்தது, வாஷிங்டனின் தேசிய உருவப்படக் கூடத்தில் படம் மாட்டினார்கள். 2025 பிப்ரவரியில், அவருடைய நினைவுநாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, ஸ்டோன்வால் தேசிய நினைவிடத்துக்கான அரசின் இணையப் பக்கத்திலிருந்து 'டிரான்ஸ்ஜெண்டர்' என்ற சொல்லை அமெரிக்க அரசு நீக்கியது.