எழுதப்படாத பயணக் குறிப்பு

கணவனும் மனைவியுமாக இருவர் ஒரு சிறு பாய்ப்படகில் ஏறி, மத்தியதரைக் கடலில் மாதக்கணக்காகவும் சில வேளை ஆண்டுக்கணக்காகவும் சுற்றி வருவது இன்று மேனாடுகளில் அரிய செய்தியன்று. கிரேக்கத் தீவுகள், துருக்கியின் தென்கரை, சிசிலி, மால்ட்டா எனத் துறைதோறும் தங்கி, காற்றுப் பார்த்து அடுத்த துறைக்குப் பாய் விரிக்கின்றனர். இவர்களுட் பலர் விரும்பித் தேர்வது இரட்டை உடல் கொண்ட படகையே. அஃது அலையில் அதிகம் சாயாது. ஆழங் குறைந்த குடாவிலும் நங்கூரமிட இடந்தரும். அப்படகுக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'கட்டமரான்'. நம் கட்டுமரந்தான் அது.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையில் வழங்கிய இச்சொல்லை 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதி வைத்தார். ஆங்கிலம் அதனைத் தன்னதாக்கிக் கொண்டது. இதைச் சொல்லும்போது ஓர் உண்மையையும் உடன் சொல்லவேண்டும். நம் மீனவரின் கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் அமைப்போ பசிபிக் தீவினரின் கலை. சொல் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. பிறர் கலையையும் நமதென்று பெருமை பேசுவது அறிவுடைமையாகாது.

இத்தகைய படகில் உலகை முதன்முதலாக வலம் வந்தோர் ஒரு குடும்பத்தினரே. டேவிட் லூயிஸ் என்னும் மருத்துவரும் அவர் மனைவி பியோனாவும் தம் இரு சிறு பெண்மக்களுடன் 'ரெஹூ மோனா' என்ற படகில் 1964 முதல் 1967 வரை பயணஞ் செய்து அதனைச் சாதித்தனர். அவர்தம் துணிவு போற்றத்தக்கது. எனினும் என் உள்ளத்தைக் கவர்வது துணிவைவிட வேறொரு பழக்கம். ஒருவர் உறங்க மற்றவர் சுக்கான் பிடிக்கும் நள்ளிரவிலும், காவல் மாறும் வேளையில் ஒரு குறிப்பேடு திறக்கப்படுகிறது. நேரம், நின்ற இடம், காற்றின் திசை, காற்றழுத்தமானியின் அளவு, கண்ட கப்பல் யாவும் அதில் ஏறுகின்றன. கரை சேர்ந்தபின் அக்குறிப்பேடே நூலாகிறது. பயணம் முடிந்தாலும் முடியாமல் நிற்பது அந்த ஏடுதான்.

இவ்விடத்தில்தான் நம் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். கடல் நமக்குப் புதிதன்று. செங்கடற்கரையில் உள்ள எகிப்தியத் துறையாகிய குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் 'சாதன்', 'கணன்' என்னும் தமிழ்ப் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் பண்டங்கள் அத்துறைகளில் இறங்கி, பாலைவனமும் நைல் நதியும் கடந்து அலெக்சாந்திரியாவை அடைந்தன. எத்தனையோ தமிழர் அவ்வழி சென்றிருப்பர். நாம் பெயர் அறிந்தவர்களோ பானையில் பெயர் கீறிய இரண்டொருவரே. வரலாறு போனவனை எல்லாம் நினைப்பதில்லை, எழுதியவனையே நினைக்கிறது.

நமக்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இதனையே உணர்த்தும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். சிறு படகொன்றில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்றவர் அவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என அழைத்தார். வல்வை மாலுமிகளைச் சுமந்து அக்கப்பல் சூயஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடலை ஊடறுத்து, அத்திலாந்திக்கையும் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. நம் கம்மியர் கைவினை இரு பெருங்கடல்களின் சோதனையில் தேறியது. ரொபின்சன் தம் கடல் வாழ்வை நூல்களாக எழுதினார். வல்வை மாலுமிகளின் அனுபவமோ ஊராரின் நினைவிலும் ஆர்வலர் சிலரின் கட்டுரைகளிலும் தங்கியிருக்கிறது. மத்தியதரைக் கடலின் காற்றை ஒரு தமிழ் மாலுமி எவ்வாறு உணர்ந்தான் என்று அவனே எழுதிய நூல் நம் மாணவர் கையில் இல்லை.

இவை யாவும் கரையோரத்தார் கதை; மலைநாட்டாராகிய எமக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நேயர் சிலர் கேட்கக்கூடும். பொகவந்தலாவை கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட பள்ளத்தாக்கு. இங்குள்ள கெசல்கமு ஓயா களனி கங்கையாகிக் கொழும்பில் கடல் சேர்கிறது என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லையென்றே பலரும் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று.

இவ்வூர்ப் பரிசுத்த மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு முதிய தம்பதியர் துயில்கின்றனர். 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களால் இலங்கை வரலாற்றில் கோல்புறூக்குடன் சேர்த்துப் பேசப்படும் சாள்ஸ் ஹே கமரனும், உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராகிய அவர் மனைவி யூலியா மார்கரெட் கமரனுமே அவர்கள். 1875இல், கணவருக்கு எண்பது வயதும் மனைவிக்கு அறுபது வயதும் ஆன நிலையில், இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறினர். அக்காலத் தபாற் கப்பல்கள் மத்தியதரைக் கடலையும் 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயையும் கடந்தே இலங்கை வந்தன. சாமான்களோடு ஒரு பசுவையும் தமக்கென இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தனர் என்பது வழிவழிச் செய்தி. அம்மையார் 1879இலும் கணவர் 1880இலும் மறைந்தனர்.

இங்கு வாழ்ந்த ஆண்டுகளில் அம்மையார் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தாரையும் படம் பிடித்தார். அப்படங்கள் இன்று அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. படமெடுத்தவரின் பிறப்பு, திருமணம், கடிதம், கப்பலேறிய ஆண்டு, கல்லறை யாவும் நமக்குத் தெரியும். படத்தில் நிற்கும் பலரின் பெயர்தானும் தெரியாது. அவர்களும் கடல் கடந்து வந்தவர்களாக இருக்கலாம். அவர்களுள்ளும் கணவன் மனைவியர் இருந்திருக்கலாம்.

எம் முன்னோர் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து வந்தனர். தொடக்கத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் பலரை விழுங்கின. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமின் மருத்துவச் சோதனையைக் கடந்து கப்பலேறினர். அந்தக் கடல் இருபது மைல் அகலமுடையது. மத்தியதரைக் கடலோடு ஒப்பிட்டால் ஒரு வாய்க்கால். ஆனால் மீளும் நாள் தெரியாமல், ஒரு மூட்டையும் ஒரு குழந்தையுமாகக் கடந்தவர்க்கு அஃது எத்துணை அகலமென்று எந்த வரைபடமும் கூறாது.

அதே கடலை எம்மவர் மறுபடியும் கடந்தனர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல்தான் ஏற்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலில் குடும்பங் குடும்பமாகச் சென்றனர். ஒரே வீட்டில் ஒருவர் இந்தியராகவும் ஒருவர் இலங்கையராகவும் ஆகிப் பிரிந்ததும் உண்டு. 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது.

தம்பதியர் கடற்பயணம் என்றால் எமக்கு அதுவே முதலில் நினைவுக்கு வரவேண்டும். ஆனால் மாணவர் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் காண்பது வேறு. 'ஒரு கடற்பயணம்' என்ற தலைப்பைக் கொடுத்தால், திரைப்படத்தில் கண்ட ஆடம்பரக் கப்பலை எழுதுகிறார்கள். பாட்டி வந்த கப்பலை எழுதுவாரில்லை. அது எழுதத் தகுந்த பொருள் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும். குறை பிள்ளைகளுடையதன்று.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்ததனால் ஒரு தலைமுறையின் குரல் நமக்கு மிஞ்சியது. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். மறந்த பாதை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. இவை நல்ல தொடக்கங்கள். பாடல் உணர்ச்சியைக் காக்கும். நடை பாதையைக் காக்கும். ஆளையும் ஆண்டையும் ஊரையும் காப்பது குறிப்பேடு ஒன்றே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தவணையில் ஒவ்வொரு மாணவரிடமும் வீட்டு முதியவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? எந்தத் துறையில் கப்பலேறினீர்கள்? யாருடன் வந்தீர்கள்? கையில் என்ன கொண்டுவந்தீர்கள்? தாமே வராதவர் தம் பெற்றோர் சொன்னதைச் சொல்லட்டும். கப்பலேறிப் போன உறவினர் தமிழ்நாட்டில் இருந்தால் அவர்களுக்கு எழுதிக் கேட்கட்டும். மறுமொழியை முதியவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும், அழகுபடுத்த வேண்டா. தேதி தெரியாவிடில் எந்தத் துரை காலம், எந்தப் பஞ்ச காலம் என்றாவது குறிக்கட்டும். இலக்கிய வட்டங்கள் அவ்வேடுகளைத் திரட்டிப் பாடசாலை நூலகத்தில் வைக்கட்டும்.

இப்பணி காத்திருக்கும் பணியன்று. கப்பற் சேவை நின்றபோது இருபது வயதான இளைஞர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அதற்கு முந்திய பயணத்தை நினைவிற் கொண்டோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் மறையும்போது ஒரு கப்பலின் குறிப்பேடு கடலில் விழுகிறது. விழுமுன் கை நீட்டுவது நம் கடன்.