கடலைப் பார்க்க யாரிடம் லீவு கேட்பது?

எந்தக் கார் விளம்பரத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். அப்பா ஓட்டுவார், அம்மா பக்கத்தில் இருப்பார், பின் சீட்டில் பிள்ளைகள். மலைக்கோ கடலுக்கோ மணல்மேட்டுக்கோ குடும்பமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கார்கள் உருவாவது எங்கள் வட்டாரத்தில். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று நீளும் ஆலைகளில் தரை துடைப்பவர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர்கள், லோடு ஏற்றுபவர்கள், கான்ட்ராக்டில் லைனில் நிற்பவர்கள் எங்கள் மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் விடுமுறைக்கு எங்கே போகிறார்கள்?

சென்ற கோடையில், நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் ஒரு காலனியின் குடும்பங்களோடு மாமல்லபுரம் போகத் திட்டமிட்டோம். ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போனால் அரைநாள் பயணம்கூட இல்லை. பதினான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்தன. கிளம்பிய அன்று வந்த பெற்றோர் ஐந்து பேர்தான். மற்ற பிள்ளைகள் ஆயாவோடும் எங்களோடும் வந்தார்கள். கேன்டீனில் வேலை செய்யும் ஓர் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு நாள் போடலாம். அந்த நாள் சம்பளத்தோட அட்டென்டன்ஸ் போனஸும் போயிடும். அப்புறம் கேட்லயே நிறுத்திட்டாங்கன்னா யார்கிட்ட போய்க் கேக்குறது?"

அதோடு முடியவில்லை. பேசி வைத்த வேன்காரர் காலனிக்குள் வர மறுத்தார். "மெயின் ரோட்டுல வந்து நில்லுங்க, ஏத்திக்கிறேன்" என்றார். தண்ணீர் லாரி வந்து போகும் தெருதான் அது. ஊர்த்தெருவில் மட்டும் அவருடைய வேன் வாசல்வரை போகும். பிள்ளைகள் புதுத்துணியோடும் சோற்று மூட்டையோடும் ரோடுவரை நடந்தார்கள்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. 1901இல் பத்து வயதுகூட நிறையாத பீமாராவ், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் சதாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் சாதி தெரிந்துவிட்டது. எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி தருகிறோம், நாங்களே ஓட்டிக்கொள்கிறோம், நீங்கள் நடந்து வாருங்கள் என்ற பிறகுதான் ஒருவர் ஒத்துக்கொண்டார். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. பிள்ளைகள் பசியோடு படுத்தார்கள்.

அந்தப் பிள்ளைதான் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு தரவேண்டும் என்ற 1945ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர் அவரே. பிரான்சில் அந்த உரிமை 1936இல், ஆலைகளையே கைப்பற்றி உட்கார்ந்த மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்தது. இங்கே அதைச் சட்டமாக்கியதில் நம் அண்ணலின் கை இருக்கிறது. இதை எத்தனை தொழிற்சங்க மேடைகளில் கேட்டிருக்கிறோம்?

பிறகு 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் என்று அடுத்த ஆண்டு சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்தது. தொழிலாளி என்றால் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவரும்தான் என்று 1948 சட்டத்தின் விளக்கமே சொன்னது. ஆனால் நாள் கணக்கு நிறையும் முன்பே ஒப்பந்தக்காரரின் பெயர் மாறினால்? அடையாள அட்டையின் நிறம் மாறினால்? அதே கேட், அதே லைன், அதே ஆள். கணக்கு மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

"முதலில் பட்டாவும் வேலையும் கேளுங்கள், சுற்றுலா பிறகு" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். பட்டாவும் கேட்போம். ஆனால் சாதி நம்மிடமிருந்து நிலத்தை மட்டுமா பிடுங்கியது? நாளையும் பிடுங்கியது. பண்ணையில் நின்றவருக்கு ஞாயிறு ஏது? ஊர்த் திருவிழா அன்று பறையடிக்கக் கூப்பிடப்பட்டவருக்கு அன்று விழாவா, வேலையா? ஊரார் ஓய்வெடுக்கும் நாளில் உழைப்பதுதான் நமக்கு விதிக்கப்பட்டது. இன்றைய கான்ட்ராக்ட் முறை அதே விதியை யூனிஃபார்ம் போட்டு நிறுத்தியிருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு மொராக்கோவோ மலேசியாவோ போய்வருகிறவர்கள் மேல் நமக்குப் பொறாமை இல்லை. உழைப்பவருக்கு ஓய்வை முழுமையாக அனுபவிக்கும் நிலை வேண்டும் என்று அரசியலமைப்பின் 43வது பிரிவு சொல்கிறது. அந்தச் சொல் எங்கள் காலனிக்கும் சேர்த்து எழுதப்பட்டதுதானே?

நாங்கள் கேட்பவை எளியவை. ஒப்பந்தக்காரர் மாறினாலும், ஒரே ஆலையில் வேலை செய்த நாட்களைத் தொடர்ச்சியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் விடுப்பு மீதி என்று சம்பளச் சீட்டில் தமிழில் அச்சிடுங்கள். எடுத்த விடுப்புக்காகப் போனஸை வெட்டாதீர்கள். தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் விடுப்புப் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

அன்று மாமல்லபுரத்தில் முதல்முறை கடலைப் பார்த்த ஒரு சிறுமி, எங்கள் கைப்பேசியை வாங்கி அம்மாவுக்கு அலைச் சத்தத்தைக் கேட்க வைக்க முயன்றாள். ஷிஃப்டில் இருந்த அம்மா போனை எடுக்கவில்லை.

வரும் கோடையிலும் போவோம். அம்மாவும் அப்பாவும் வருவார்கள். வேன் காலனிக்குள் வந்து நிற்கும். அதற்கான வேலையை இப்போதே தொடங்குகிறோம்.

ஜெய்பீம்.