பிறந்த பாறை வேறு, கிடைக்கும் பாறை வேறு

சேதராப்பட்டில் இன்று தொழிற்பேட்டை. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல்!

வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, கரசூர் பக்கத்து மண்ணில் கடல் உயிரினங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி வட்டாரத்தில் பொறுக்கிச் சேர்த்த இந்தப் படிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விரிவாக எழுதினார். அன்றிலிருந்து புவியியல் உலகில் புதுச்சேரிக்குத் தனிப் பெயர்.

கடல் இருந்த இடமென்றால் பெட்ரோலும் இருக்குமே?

அங்குதான் சிக்கல். பெட்ரோல் என்றதும் பலருக்கு டைனோசர் நினைவு வரும். பாவம், அதற்கு இதில் பெரிய பங்கில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் செத்துக் கடலடிக் களிமண்ணில் புதைகின்றன. மேலே மேலே மண் படிய, அந்தக் களிமண் கீழே இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். 60 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் உருவாகத் தொடங்கும். 150-ஐத் தாண்டினால் எண்ணெயும் சிதைந்து வாயுவாகிவிடும். எள் இருந்தால் போதாது, செக்கும் வேண்டும். இந்தச் செக்குக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் தேவை.

கரசூர்ப் பாறையோ தரைக்கு மேலேயே தெரிகிறது. அடுப்பில் ஏறாத அரிசி அது. பாகூர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1880-களில், பிரெஞ்சுக்காரர் காலத்தில், தண்ணீருக்குத் துளை போட்டபோது அங்கே பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. நெய்வேலி நிலக்கரியின் சொந்தக்காரன். புதுச்சேரிப் பகுதியில் 41 கோடி டன்னுக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. அது மரஞ்செடிகள் புதைந்து வந்தது. சில நூறு அடி ஆழத்தில் என்ன சூடு இருக்கும்?

தெற்கே போனால் கதை மாறுகிறது. இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபோது நிலம் கிழிந்து உண்டான பள்ளம்தான் காவிரிப் படுகை. புதுச்சேரியும் அதன் வடக்கு ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் நடுவில் பழைய களிமண் பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. 1964-ல் காரைக்காலில் ஆழ்கிணறு தோண்டித் தேடினார்கள். 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கைக்கு வந்தது. 1993-ல் அங்கே சுத்திகரிப்பு ஆலையே எழுந்தது.

ஆனால் எண்ணெய் பிறந்த பாறையிலேயே தங்குவதில்லை. தண்ணீரைவிட லேசானது அல்லவா? மணற்பாறையின் நுண்துளைகள் வழியாக, நிலப்பிளவுகள் வழியாக மேலேறும், பக்கவாட்டிலும் நகரும். இறுகிய களிமண் மூடி போல் மறித்தால் அங்கே தேங்கும். மூடி இல்லாவிட்டால் கசிந்து வீணாகும். சீர்காழி அருகே மாதானத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே அடித்தளக் கருங்கல்லின் வெடிப்புகளுக்குள் எண்ணெய் இருந்தது. எந்த உயிரும் புதையாத கல் அது. பக்கத்துக் களிமண்ணிலிருந்து குடிவந்த எண்ணெய்தான்.

எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? எண்ணெயே சொல்லும். 1934-ல் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கச்சா எண்ணெயில் இலைப்பச்சையத்தின் மிச்சத்தைக் கண்டுபிடித்தார். இன்று எண்ணெயிலும் பாறையிலும் இத்தகைய மூலக்கூறுகளை ஒப்பிட்டு, இந்த எண்ணெய்க்கு இந்தப் பாறைதான் தாய் என்று பொருத்திவிடுகிறார்கள். கைரேகை பார்ப்பது மாதிரி.

இந்த ஆராய்ச்சி பாகூர் விவசாயிக்கு எதற்கு? 2018-ல் விழுப்புரம், புதுச்சேரிக் கடற்பகுதி எண்ணெய்த் தேடலுக்கு ஒதுக்கப்பட்டது. 2019 ஜூனில் மரக்காணம் முதல் ராமேசுவரம் வரை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து எதிர்த்தார்கள். அவர்களுடைய பயம் தண்ணீர் பற்றியது. அந்தப் பயத்துக்குப் பாறையிலேயே காரணம் இருக்கிறது. தெற்கே எண்ணெய்க்கு வழிவிடுவது போன்ற நுண்துளை மணற்பாறைதான் வில்லியனூர், பாகூர் போர்வெல்களுக்குத் தண்ணீர் தருகிறது. எண்ணெய்க் கிணறு அந்த நீர்ப்பாறையைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போக வேண்டும். அதனால்தான் துளைக்குள் இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் பூசுகிறார்கள். அந்த சிமென்ட் விரிசல் விட்டால், லட்சக்கணக்கான ஆண்டுகளாக மூடிக்கடியில் கிடந்த எண்ணெயும் உப்புநீரும் மேலே வர நேர்வழி கிடைத்துவிடும்.